நட்பும் போட்டியும் உள்ள காதல் காமெடிகளில் ஏன் எப்போதும் ஒரு கல்யாணம் வருகிறது?

முக்கியக் காரணம், தேதி. நாள் குறித்துவிட்டால் கதைக்குக் கெடு வந்துவிடும். மனதில் இருப்பதை அதற்குள் சொல்லியாக வேண்டும். 1997இல் வந்த 'மை பெஸ்ட் ஃபிரெண்ட்ஸ் வெட்டிங்' படத்தில் ஜூலியா ராபர்ட்ஸுக்கு நான்கே நாள். அதற்குள் நண்பனின் கல்யாணத்தைக் கலைக்கப் பார்க்கிறார். செய்வதெல்லாம் வில்லி வேலை, ஆனாலும் சிரிக்கிறோம். கடைசியில் கதாநாயகியைத் தோற்கவிட்டதுதான் படத்தின் துணிச்சல்.

'பிரைட் வார்ஸ்' (2009) அவ்வளவு தேறாது. இருந்தாலும் ஒரே ஹோட்டல், ஒரே தேதி என்று இரண்டு தோழிகள் அடித்துக்கொள்வது, முகூர்த்த நாளில் சிராங்கூன் சாலைப் பக்கம் மண்டபம் தேடி அலைந்த சிங்கப்பூர்க்காரர்களுக்கு நன்றாகவே புரியும்.

என் தேர்வு 'பிரைட்ஸ்மெய்ட்ஸ்' (2011). இதில் சண்டை மாப்பிள்ளைக்காக இல்லை. மணப்பெண்ணுக்கு யார் நெருக்கம் என்பதற்காக. நிச்சயதார்த்த விருந்தில் இரண்டு பேர் மைக்கை விடாமல் மாறி மாறி வாழ்த்துகிறார்களே, அப்பப்பா! திரைக்கதை ஆஸ்கருக்கும் பரிந்துரையானது. இங்கே சிங்கப்பூர்க் கல்யாணங்களிலும் ஒரே நிறச் சேலையில் தோழிகள் வரிசையாக நிற்கிறார்கள். மணப்பெண் பக்கத்தில் யார் நிற்பது என்று வாட்ஸ்அப்பில் நடக்கும் பனிப்போரைப் பார்த்தவர்களுக்கு இந்தப் படம் இன்னும் பிடிக்கும். கொச்சை நகைச்சுவை உண்டு, அம்மாவோடு உட்கார்ந்து பார்க்க வேண்டாம்.