விழித்திரைக்கு அடியில் நீர்: எந்த லேசர், எந்த ஒளி?

நாட்பட்ட மத்திய சீரஸ் விழித்திரை நோய் பற்றி உறுப்பினர்கள் அனுப்பியிருந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். சிங்கப்பூரில் ஒரு கண் சிகிச்சைப் பிரிவின் லேசர் அறையில் பல்லாண்டுகள் தாதியாகப் பணியாற்றியவள் நான். உங்கள் ஸ்கேன் படத்தைப் பார்த்த மருத்துவரின் முடிவுக்கு என் பதில்கள் மாற்றாகா. அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள உதவினால் போதும்.

யீஷூன், 43 வயது ஓட்டுநர்: ஆறு மாதங்களாக வலக்கண்ணின் நடுவில் சாம்பல் நிற வட்டம் தெரிகிறது, கோடுகள் வளைகின்றன. மருத்துவர் லேசர் செய்யலாம் என்கிறார். லேசர் கண்ணைச் சுட்டுவிடும் என்று நண்பர் தடுக்கிறார். யார் சொல்வது சரி?

இருவரும் ஒரே சொல்லால் வெவ்வேறு சிகிச்சைகளைக் குறிப்பிடுகிறார்கள் என்றே நினைக்கிறேன். இந்த நோயில், விழித்திரைக்குப் பின்னால் உள்ள இரத்தக்குழாய்ப் படலம் தடித்துக் கசிவதால், பார்வையின் மையமான மக்யூலாவுக்கு அடியில் நீர் தேங்குகிறது. பெரும்பாலோருக்கு அது மூன்று நான்கு மாதங்களில் தானாகவே வடிந்துவிடும். வடியாமல் நிற்கும்போதுதான் சிகிச்சை பற்றிய பேச்சு எழுகிறது.

நண்பர் சொல்வது பழைய வெப்ப லேசர். அது கசியும் புள்ளியைச் சுட்டு அடைக்கும். சுட்ட இடத்தில் தழும்பும், அதற்கேற்ற ஒரு குருட்டுப் புள்ளியும் நிலைத்துவிடும். ஆகவே கசிவு மையத்திலிருந்து நன்கு விலகியிருந்தால் மட்டுமே இன்று அதை எண்ணிப் பார்க்கிறார்கள். மைக்ரோபல்ஸ் லேசர் வேறு வகை: ஒளியை இடைவிடாமல் பாய்ச்சாமல் மிகக் குறுகிய துடிப்புகளாக, துடிப்புகளுக்கிடையே திசு ஆறுவதற்கு நேரம் விட்டுச் செலுத்துவதால் தழும்பு விழுவதில்லை. மூன்றாவது, பிடிடி எனப்படும் ஒளிவினைச் சிகிச்சை. வெர்ட்டிபோர்ஃபின் என்ற மருந்தைக் கை நரம்பில் பத்து நிமிடம் ஏற்றி, ஏற்றத் தொடங்கிய 15ஆம் நிமிடத்தில் 689 நானோமீட்டர் சிவப்பு ஒளியை வழக்கமாக 83 வினாடி கண்ணுக்குள் செலுத்துவார்கள். அந்த ஒளி சுடுவதில்லை; கசியும் குழாய்களில் தங்கியுள்ள மருந்தைத் தூண்டி, அவற்றைச் சுருங்கச் செய்கிறது. அடுத்த சந்திப்பில் “எந்த லேசர்?” என்று தயங்காமல் கேளுங்கள், ஐயா.

பொங்கோல், 38 வயது: பிடிடி, மைக்ரோபல்ஸ் இரண்டில் எது மேல்?

நீரை வடிய வைப்பதில் பிடிடிதான் மேல் என்று நான் தயக்கமின்றிச் சொல்வேன். ஐரோப்பாவில் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ‘பிளேஸ்’ ஆய்வு, பாதி அளவு மருந்துடன் செய்த பிடிடியையும் மைக்ரோபல்ஸையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. ஆறு முதல் எட்டு வாரங்களில் நீர் முழுதும் வடிந்தவர்கள் பிடிடி பெற்றோரில் 51.2 விழுக்காடு, மைக்ரோபல்ஸ் பெற்றோரில் 13.8 விழுக்காடு, சுமார் ஏழெட்டு மாதங்களில் அது முறையே 67.2, 28.8 விழுக்காடு ஆனது. ஆயினும் எழுத்துப் பலகையில் வாசிக்கும் திறனில், இறுதிக் கட்டத்தில் இரு தரப்புக்கும் உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. நீர் வடிவதும் பார்வை மீள்வதும் ஒன்றல்ல. நீண்ட காலம் நீரில் கிடந்த ஒளியுணர் செல்கள் முழுமையாக மீள்வதில்லை. மாதக்கணக்கில் காத்திருப்பவர்களைக் காணும்போது எனக்கு வருத்தம் வருவது இதனால்தான்.

அண்மை ஆண்டுகளில் வெர்ட்டிபோர்ஃபினுக்குப் பல நாடுகளில் தட்டுப்பாடு ஏற்பட்டது. மருந்து கிடைக்காவிட்டாலோ, போர்ஃபீரியா நோய் போன்ற காரணத்தால் அதை ஏற்ற முடியாவிட்டாலோ, மைக்ரோபல்ஸ் பொருத்தமான மாற்று.

உட்லண்ட்ஸ், 47 வயது: தைப்பூசத்துக்கு மூன்று நாள் முன்பு பிடிடி செய்யத் தேதி தந்திருக்கிறார்கள். பால்குடம் எடுக்கலாமா? சன்ஸ்கிரீன் பூசினால் போதாதா?

போதாது, அம்மா. சன்ஸ்கிரீன் தடுப்பது புற ஊதாக் கதிரை. தோலில் எஞ்சியிருக்கும் இந்த மருந்தையோ கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமே தூண்டிவிடும், அதனால் கடுமையான தீப்புண் உண்டாகலாம். முழு அளவு மருந்துக்கு ஐந்து நாள் நேரடி வெயிலைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். பாதி அளவுக்குப் பல இடங்களில் இரண்டு நாள் என்கிறார்கள். உங்களுக்கு எத்தனை நாள் என்பதை மருத்துவமனையிடமே கேளுங்கள். சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோவில் வரை, நம் ஊர் வெயிலில், வெறுங்காலுடன் வரிசையில் நின்று நடப்பதை நினைத்துப் பாருங்கள். விரதம் இருந்து வேண்டிக்கொண்டதை விட மனம் வராது என்பது எனக்கும் தெரியும். உங்கள் நோய் நாட்பட்டது என்பதால், சிகிச்சையைத் தைப்பூசத்துக்குப் பின் வரும் வாரத்துக்கு மாற்ற முடியுமா என்று கேட்பதே நல்ல வழி. சிகிச்சைக்குப் பிறகு இருட்டறையில் அடைந்து கிடக்கவும் வேண்டாம். வீட்டு விளக்கின் மிதமான வெளிச்சம் தோலிலுள்ள மருந்து மெல்லச் சிதைய உதவுகிறது.

ஜூரோங், 40 வயது: லேசர் இல்லாமல் மாத்திரையிலேயே குணமாகாதா?

எப்லெரினோன் மாத்திரையின் மீது பலரும் நம்பிக்கை வைத்திருந்தார்கள். 2020இல் வெளியான ‘விசி’ ஆய்வில் அது வெற்று மாத்திரையைவிடச் சிறந்ததாக இல்லை. அதைவிட முக்கியமான ஒன்றைக் கேட்கிறேன்: நீங்கள் ஸ்டீராய்டு எதையேனும் பயன்படுத்துகிறீர்களா? படைக்குப் பூசும் களிம்பு, மூக்கடைப்புக்கு அடிக்கும் மருந்து, மூட்டில் போட்ட ஊசி ஆகியவற்றைப் பலர் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஆனால் அவையும் இந்நோயைத் தூண்டக்கூடும். அனைத்தையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். ஆஸ்துமா போன்றவற்றுக்குத் தந்ததை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அங் மோ கியோ: அம்மாவுக்கு 71 வயது. அவருக்குப் பாலிபாய்டல் நோய் என்று சொல்லி, கண்ணில் ஊசியும் பிடிடியும் சேர்த்துச் செய்யச் சொல்கிறார்கள். இதுவும் அதே நோய்தானா?

உறவுள்ள நோய், ஆனால் வேறு. இதில் விழித்திரைக்கு அடியிலுள்ள இரத்தக்குழாய்களில் பாலிப்புகள் எனப்படும் மொட்டுப் போன்ற வீக்கங்கள் தோன்றும். ஆசியர்களிடம் மிகுதியாகக் காணப்படும் இதற்கான ‘எவரெஸ்ட் 2’ ஆய்வில் சிங்கப்பூர் மருத்துவர்கள் முன்னின்றார்கள். 2017இல் வெளியான அதன் ஓராண்டு முடிவின்படி, ரானிபிசுமாப் ஊசியோடு பிடிடியும் பெற்றவர்களில் 69.3 விழுக்காட்டினருக்கும், ஊசி மட்டும் பெற்றவர்களில் 34.7 விழுக்காட்டினருக்கும் பாலிப்புகள் முற்றிலும் மறைந்தன. பார்வையும் முதல் தரப்பினருக்கே கூடுதலாக மேம்பட்டது.

பிடோக், 52 வயது: இணையத்தில் விற்கும் சிவப்பு விளக்குக் கருவியை வாங்கி வீட்டிலேயே பயன்படுத்தலாமா?

வேண்டாம். அமெரிக்காவில் 2024இல் அனுமதி பெற்ற சிவப்பொளிக் கருவி, முதுமையால் வரும் உலர்வகை மக்யூலா சிதைவுக்கானது. அதையும் மருத்துவமனையில் வைத்துத்தான் தருகிறார்கள். பிடிடியிலும் சிவப்பு ஒளிதானே என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே வேலை செய்வது நரம்பில் ஏற்றிய மருந்து. மருந்தில்லாத ஒளி அந்த வேலையைச் செய்யாது.