கிளவுட் சாவி யார் யார் கையில இருக்கு? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கல்யாண போட்டோ ஸ்டூடியோ வச்சிருக்கேன். எல்லா போட்டோவும் அமேசானோட எஸ்3-ங்கற கிளவுட் சேமிப்புல பேக்கப் போகுது. செட் பண்ணிக் குடுத்த தம்பி ஆக்சஸ் கீ, சீக்ரெட் கீ ரெண்டையும் வாட்ஸப்ல அனுப்பினாரு, அதையே மூணு கம்ப்யூட்டர்லயும் போட்டிருக்கோம். நல்லாத்தான் ஓடுது, இதுல ஆபத்து ஏதும் இருக்கா?
- வாசகர், பொள்ளாச்சி

இருக்குங்க. அந்த ரெண்டு கீயும் சேர்ந்து யூசர்நேம், பாஸ்வேர்டு மாதிரி, ப்ரோக்ராம்கள் உங்க அக்கவுண்ட்டுக்குள்ள போறதுக்கு. மொதல்ல அது எந்த லாகினுக்குச் சொந்தமானதுன்னு பாருங்க. நீங்க கார்டு நம்பர் குடுத்து ஆரம்பிச்ச மெயின் லாகின் இருக்கே, ரூட்னு சொல்வாங்க, அதுல செக்யூரிட்டி கிரெடென்ஷியல்ஸ் பக்கத்துக்குப் போனா அங்க ஆக்சஸ் கீ ஏதாவது இருக்கான்னு தெரியும். இருந்துச்சுன்னா அதை அழிச்சே ஆகணும், ஏன்னா ரூட் கீயோட அதிகாரத்தை உங்களால குறைக்கவே முடியாது, அதை வச்சிருக்கறவன் போட்டோவை மட்டும் இல்ல, மொத்த அக்கவுண்ட்டையும் கவுத்துடலாம்.

அப்புறம் ஐஏஎம்ல (யாருக்கு என்ன அனுமதின்னு முடிவு பண்ற அமேசான் பகுதி) ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனித்தனி யூசர் போடுங்க, 'எடிட்டிங் 1', 'எடிட்டிங் 2'ன்னு பேர் வச்சா போதும், ஆளுக்கொரு கீ. நாளைக்கு ஒரு எடிட்டர் வேலையை விட்டுப் போனா அந்த ஒரு கீயை மட்டும் நிறுத்தலாம், மத்த வேலை நிக்காது. கடைப் பையன் கையில ஷட்டர் சாவி குடுக்கறப்ப பீரோ சாவியையும் சேர்த்தா குடுக்கறோம்? அதே மாதிரிதான் பர்மிஷனும். இந்த ஒரு பக்கெட் (எஸ்3-ல உங்க ஃபைல் இருக்கற பெட்டி), அதுல ஃபைல் போடலாம், லிஸ்ட் பார்க்கலாம், டவுன்லோட் பண்ணலாம், அவ்வளவுதான். டெலிட் குடுக்காதீங்க.

ஆனா இங்க நிறைய பேர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கு. டெலிட் இல்லாட்டியும், ஃபைல் போட பர்மிஷன் இருந்தா அதே பேர்ல குப்பையை ஏத்தி பழைய போட்டோவை அழிச்சுடலாம். அதனால பக்கெட்ல வெர்ஷனிங்கை ஆன் பண்ணுங்க, அப்ப மேல எதை ஏத்தினாலும் பழசு அடியில பத்திரமா இருக்கும் (பில் கொஞ்சம் ஏறும்தான், ஒரு குடும்பத்தோட கல்யாண ஆல்பம் போறதுக்கு அது எவ்வளவோ தேவலை).

மொத்த அக்கவுண்ட்டும் அடுத்தவன் கைக்குப் போனா என்ன ஆகும்ங்கறதுக்கு 2014 ஜூன்ல கோட் ஸ்பேஸஸ்னு ஒரு கம்பெனிக்கு நடந்ததே சாட்சி. ஒருத்தன் அவங்க அமேசான் கன்ட்ரோல் பேனலுக்குள்ள பூந்து பணம் கேட்டான், இவங்க திரும்பப் பிடிக்கப் பார்த்ததும் டேட்டா, பேக்கப்னு பெரும்பகுதியை அழிச்சுட்டான், சுமார் 12 மணி நேரத்துல எல்லாம் முடிஞ்சு கம்பெனியையே மூடிட்டாங்க. உங்க ஹார்டு டிஸ்க் காப்பியைத் தூக்கிப் போட்டுடாதீங்கன்னு நான் கெஞ்சிக் கேக்கறது இதுக்காகத்தான்.

வாட்ஸப்ல வந்த அந்த பழைய கீ? மெசேஜை அழிச்சா பத்தாது, கீயையே மாத்துங்க. புது கீ போட்டு, பேக்கப் ஓடுதான்னு பார்த்து, பழசை முதல்ல இன்ஆக்டிவ் ஆக்குங்க, சில நாள் எதுவும் நிக்கலேன்னா அப்புறம் டெலிட் பண்ணுங்க.

கேள்வி: காலேஜ் ப்ராஜெக்ட் கோடை கிட்ஹப்ல (கோடை ஆன்லைன்ல வைக்கற தளம்) போட்டப்ப என் அமேசான் கீயும் சேர்ந்து போயிடுச்சு. உடனே பார்த்து அந்த வரியை அழிச்சுட்டு ரெப்போவையும், அதாவது அந்த கோடு இருக்கற ஃபோல்டரையும், பிரைவேட் ஆக்கிட்டேன். இனி பிரச்சினை இல்லைதானே?
- மாணவி, திருச்சி

இல்லைம்மா, அந்த கீ போனது போனதுதான். வரியை அழிச்சாலும் பழைய கமிட்ல, அதாவது முன்னாடி சேவ் ஆன பதிப்புல, அது அப்படியே கிடக்கும், அதோட பப்ளிக் ரெப்போவுல கீ விழுதான்னு ராப்பகலா பார்த்துக்கிட்டே இருக்கற ப்ரோக்ராம்கள் இருக்கு. ஆக்சஸ் கீன்னா ஏகேஐஏன்னு (AKIA) தொடங்கற 20 எழுத்து, அதைக் கண்டுபிடிக்கறது ஒரு வேலையே இல்ல. அமேசானும் இப்படி வெளிய வந்த கீயைக் கவனிச்சு சில வேலைகளைத் தடுத்து மெயில் போடுவாங்க, ஆனா முழுசா நிறுத்த மாட்டாங்க, அதை நீதான் செய்யணும்.

இதைப் படிச்ச கையோட அந்த கீயை இன்ஆக்டிவ் பண்ணு. அப்புறம் கிளவுட்ட்ரெயில்ல (அக்கவுண்ட்ல யார் என்ன செஞ்சாங்கன்னு பதியற அமேசான் சேவை) கடைசி 90 நாள் வரலாறு இருக்கும், நீ செய்யாத வேலை எதாவது இருக்கான்னு பாரு, தெரியாத யூசர் புதுசா முளைச்சிருக்கான்னு பாரு. உன் பக்கெட் மும்பை ரீஜியன்ல (அமேசான் சர்வர்கள் இருக்கற பகுதி) இருக்கலாம், ஆனா திருடறவன் வேற ரீஜியன்ல உன் செலவுல பெரிய சர்வர்களை ஓட்டி கிரிப்டோ காயின் மைனிங் பண்ணுவான், அதனால எல்லா ரீஜியனும் பார்க்கணும்.

பிரைவேட் ரெப்போன்னு நம்பி இனிமேலும் கீயை வைக்காதே. 2016-ல ஊபர் இன்ஜினியர்களோட பிரைவேட் ரெப்போவுக்குள்ள ரெண்டு பேர் பூந்தாங்க, அங்க கிடைச்ச அமேசான் கீயை வச்சு எஸ்3-ல இருந்து 5.7 கோடி பேரோட விவரத்தை எடுத்துட்டாங்க. கோடுல கீ இருக்கவே கூடாது. லேப்டாப்ல தனி ஃபைல்ல வை, அதை கிட்இக்னோர்ல (கிட்ஹப்புக்குப் போகக் கூடாத ஃபைல்களோட பட்டியல்) சேரு. ப்ராஜெக்ட் அமேசான் சர்வர்லயே ஓடுதுன்னா அந்த சர்வருக்கே அனுமதி குடுக்கற ஐஏஎம் ரோல் போடு, அப்ப நீ கீயே வச்சுக்க வேண்டாம், தானா மாறிக்கிட்டே இருக்கற தற்காலிக கீ கிடைக்கும்.

கேள்வி: சீக்ரெட் கீயை எழுதி வைக்க மறந்துட்டேன், திரும்ப எங்க பார்க்கறது?
- வாசகர், மதுரை

பார்க்க முடியாதுங்க, உருவாக்கற அந்த ஒரு தடவைதான் காட்டும். ஒரு யூசருக்கு ரெண்டு கீ வரைக்கும் வச்சுக்கலாம், அதனால புதுசு போட்டுட்டு பழசை நிறுத்திடுங்க. புதுசை பாஸ்வேர்டு மேனேஜர்ல போடுங்க, டெஸ்க்டாப்ல நோட்பேடு ஃபைலா வேண்டாம்.

கேள்வி: ரூட் லாகினுக்கு ஓடிபி ஆப் என் ஃபோன்ல மட்டும்தான் இருக்கு, ஃபோன் தொலைஞ்சா?
- வாசகி, சேலம்

ரொம்ப சிரமப்படுவீங்க, அமேசான்கிட்ட நீங்கதான்னு நிரூபிக்கணும், அதுக்குப் பதிஞ்சு வச்ச மெயிலும் ஃபோன் நம்பரும் உயிரோட இருக்கணும். ஒரு லாகினுக்கு 8 எம்எஃப்ஏ (பாஸ்வேர்டுக்கு மேல ரெண்டாவது சரிபார்ப்பு) சாதனம் வரைக்கும் சேர்க்க விடறாங்க, அதனால இன்னைக்கே இன்னொரு ஃபோனையோ ஒரு யூஎஸ்பி செக்யூரிட்டி கீயையோ சேர்த்து வீட்டு பீரோவுல வச்சுடுங்க.