சைவராக இறந்த தந்தைக்கு மீட்பு உண்டா?

கேள்வி: என் தந்தையார் சைவர். வெள்ளிக்கிழமைகளில் பொன்னம்பலவாணேசர் கோவிலுக்குத் தவறாமல் போவார். செவ்வாய்க்கிழமைகளில் என்னோடு கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் கோவிலுக்கும் வந்து நிற்பார். நான் கத்தோலிக்கரை மணந்து திருமுழுக்குப் பெற்றபோது அவர் தடை சொல்லவில்லை. சென்ற ஆண்டு அவர் இறந்தார். மரண வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஓர் ஊழியர், "இயேசுவை ஏற்காமல் மரித்தவர் நரகத்துக்கே போயிருக்கிறார், இனி அவருக்காக ஜெபிப்பதில் பயனில்லை" என்று என் பிள்ளைகள் முன்னிலையில் சொன்னார். வைத்தியசாலையில் நினைவில்லாமல் கிடந்தபோதாவது தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்திருக்கலாமே என்று என் மாமியார் இப்போதும் குறைப்படுகிறார். கிறிஸ்தவம் போதிப்பது இதுதானா? என் அப்பா பரலோகத்தில் இருக்கிறார் என்று நீங்களாவது உறுதியாக எழுதுவீர்களா? சகோதரர்கள் செய்யவிருக்கும் ஆண்டுத் திவசத்துக்கு நான் போகலாமா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: உங்கள் தந்தையார் நரகத்தில் இருக்கிறார் என்று அறிவிக்க அந்த ஊழியருக்கு எந்த அதிகாரமும் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபை ஆயிரக்கணக்கானோரைப் பெயர் சொல்லிப் புனிதர் என்று அறிவித்திருக்கிறது. 2015 ஜனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத்திடலில் ஜோசப் வாஸ் அடிகளார் அவ்வாறு உயர்த்தப்பட்டதை இந்த நகரமே திரண்டு பார்த்தது. ஆனால் இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று ஒருவரையும் பெயர் குறித்து அது இன்றுவரை அறிவித்ததில்லை. நரகம் உண்டு என்று தயங்காமல் போதிக்கும் திருச்சபையே வாய்திறக்க மறுக்கும் ஒன்றை, துக்க வீட்டில், சிறு பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்க, அவர் சொல்லியிருக்கிறார். அது பெருந்தவறு.

அவர் எந்தச் சபையைச் சேர்ந்தவர் என்று நீங்கள் எழுதவில்லை. சீர்திருத்த மரபினராக இருந்தால், மெதடிஸ்த இயக்கத்தின் நிறுவனர் ஜோன் வெஸ்லி தம் மறைவுக்கு முந்திய ஆண்டான 1790இல் எழுதிய பிரசங்கம் ஒன்றை அவருக்கு நினைவூட்டலாம். கிறிஸ்தவத்துக்கு வெளியே இருப்பவர்களைத் தீர்ப்பிடத் தமக்கு இறைவார்த்தை அதிகாரம் தரவில்லை என்றும், அவர்கள் அனைவரையும் ஆக்கினைக்கு ஒப்புக்கொடுக்க உயிரோடிருக்கும் எவருக்கும் உரிமை இல்லை என்றும் அதில் அவர் சொல்கிறார். ஆத்துமாக்களை ஆதாயப்படுத்த வெஸ்லியைவிட அதிகமாக உழைத்தவர்கள் அரிது. அவரே நின்ற எல்லை அது.

ஊழியரிடம் கேட்டால் வசனங்களைக் காட்டுவார். அவை இருக்கத்தான் செய்கின்றன. மீட்படைய வேறு எந்தப் பெயரும் கொடுக்கப்படவில்லை என்கிறது திருத்தூதர் பணிகள் 4:12; விசுவாசியாதவன் ஆக்கினைத் தீர்ப்படைவான் என்கிறது மாற்கு 16:16. இவற்றை மழுப்ப எனக்கும் உரிமை இல்லை. மீட்கப்படும் எவரும் கிறிஸ்துவாலேயே மீட்கப்படுகிறார் என்பது நம் விசுவாசத்தின் அடித்தளம். அந்தக் கிறிஸ்துவின் அருள், நாம் கண்ணால் காணும் திருமுழுக்குத் தொட்டிக்கு அப்பாலும் செயற்படுமா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இதற்குத் திருச்சபை ஒரு காலத்தில் மிகக் கடுமையாகப் பதில் சொன்னது என்பதை மறைக்கக் கூடாது. திருச்சபைக்கு வெளியே மீட்பில்லை என்று மூன்றாம் நூற்றாண்டில் புனித சிப்பிரியான், சபையைப் பிளந்துகொண்டு போனவர்களை நோக்கி எழுதியதை, 1442இல் ஆயர்கள் கூடிய புளோரன்ஸ் சங்கம் புறச்சமயத்தார், யூதர், பிரிந்த கிறிஸ்தவர் எல்லோர் மீதும் விரித்து, மரணத்துக்கு முன் திருச்சபையில் சேராதவர்கள் நித்திய நெருப்புக்குப் போவார்கள் என்று சொன்னது. ஆனாலும் அதற்கு வெகு முன்பே இதே மரபில் வேறு குரல்களும் இருந்தன. கிறிஸ்துவுக்கு முன் வாழ்ந்த சோக்கிரத்தீசைப் போன்றவர்கள், எல்லா மனிதரும் பங்குபெறும் இறைவார்த்தையோடு வாழ்ந்ததால் கிறிஸ்தவரே என்று இரண்டாம் நூற்றாண்டில் புனித யுஸ்தீன் எழுதினார். 392இல் திருமுழுக்குப் பெறாமலே இறந்த இளம் பேரரசர் இரண்டாம் வாலன்தீனியனின் சகோதரிகளுக்கு ஆறுதல் சொன்ன மிலான் ஆயர் புனித அம்புரோஸ், அவர் விரும்பிக் கேட்டதையே இறைவன் அவருக்குக் கொடுத்துவிட்டார் என்றார்.

உங்கள் தந்தையார் திருமுழுக்கைக் கேட்டவர் அல்லர் என்பது உண்மை. ஆகவே அவருக்கு இன்னும் நெருக்கமானது நம் காலத்தில் நடந்தது. அமெரிக்காவின் பொஸ்டனில் லியோனார்ட் ஃபீனி என்ற இயேசு சபைக் குரு, கத்தோலிக்கராக இல்லாத எவருக்கும் மீட்பில்லை என்று விடாப்பிடியாகப் போதித்தபோது, அந்தப் பொருள்கோளைத் தவறென்று 1949இல் உரோமை எழுத்தில் மறுத்தது. அழைத்தும் வராத கீழ்ப்படியாமைக்காக 1953இல் அவரைச் சபைநீக்கமும் செய்தது. பின்னர் 1964 நவம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையைப் பற்றிய தன் கோட்பாட்டு விளக்கத்தில், தம் குற்றமின்றிக் கிறிஸ்துவின் நற்செய்தியை அறியாமல், நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனச்சாட்சி காட்டும் அவருடைய சித்தத்தை அருளின் உந்துதலால் நிறைவேற்ற முயல்பவர்களும் நித்திய மீட்பை அடைய முடியும் என்று அறிவித்தது. அந்தோனியார் கோவிலுக்கு உங்களோடு வந்தவர் எப்படி நற்செய்தியை அறியாதவராவார் என்று ஊழியர் கேட்கக்கூடும். ஒரு பெயரைக் காதால் கேட்டிருப்பதும், அது இறைவனின் அழைப்பு என்று உள்ளம் உணர்ந்தபின் மறுப்பதும் ஒன்றல்ல. அந்த உள்ளத்துக்குள் நடந்தது கடவுளுக்கு மட்டுமே தெரியும்.

நரகத்துக்கு ஆதாரமாக நம் ஊர் மேடைகளில் அடிக்கடி எடுத்தாளப்படும் லூக்கா 16ஆம் அதிகாரத்தையும் ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். அங்கே வேதனைப்படும் செல்வந்தர் புறச்சமயத்தார் அல்லர். "தந்தையே ஆபிரகாமே" என்று உரிமையோடு கூப்பிடுகிற, மோசேயும் இறைவாக்கினரும் கையிலிருந்த, சமயத்துக்கு உள்ளேயே வாழ்ந்தவர். அவருடைய வாசலில் புண்களோடு கிடந்த இலாசரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த உவமை யாரையாவது அச்சுறுத்த வேண்டுமானால், முதலில் ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகும் நம்மைத்தான். "மீட்புப் பெறுவோர் சிலர் மட்டும்தானா?" என்று ஒருவர் இயேசுவிடமே கேட்டபோதும் (லூக்கா 13:23) அவர் எண்ணிக்கை சொல்லவில்லை, இடுக்கமான வாயிலால் நுழைய நீங்கள் பாடுபடுங்கள் என்று கேட்டவர்கள் பக்கமே திருப்பினார். கிழக்கிலும் மேற்கிலும் இருந்து வந்து இறையாட்சியின் பந்தியில் அமர்வோரைப் பற்றி அவர் அங்கேயே பேசுகிறார்.

உங்கள் மாமியார் அன்பினால் குறைப்படுகிறார், அதைக் கோபிக்காதீர்கள். ஆனால் அவர் நினைப்பதும் தவறு. பகுத்தறியும் வயதை அடைந்த ஒருவர், தம் விருப்பத்தை ஏதாவது ஒரு வகையில் வெளிப்படுத்தியிருந்தாலன்றி, மரணத் தறுவாயிலும் அவருக்குத் திருமுழுக்குக் கொடுக்கக் கூடாது. தம் விருப்பத்துக்கு மாறாக எவரும் விசுவாசத்துக்குள் தள்ளப்படலாகாது என்று 1965இல் அதே சங்கம் தெளிவாக்கியது. நினைவிழந்த மனிதர் மேல் அவர் கேளாத தண்ணீரை நீங்கள் ஊற்றாமல் இருந்தது அவருக்குக் காட்டிய மரியாதை. அந்தக் குற்ற உணர்வை இன்றோடு இறக்கி வையுங்கள்.

இவ்வளவும் எழுதிய பிறகும், நீங்கள் கேட்ட உறுதிமொழியை நான் தரமாட்டேன். அப்பா பரலோகத்தில் இருக்கிறார் என்று நான் அச்சிட்டால், ஊழியர் அமர்ந்த அதே நியாயாசனத்தில் நானும் ஏறி அமர்ந்தவனாவேன். ஒருவர் இறைவனோடு இருக்கிறார் என்று சொல்லத் திருச்சபையே வாழ்க்கையை ஆராய்ந்து, சாட்சிகளை விசாரித்து, பெரும்பாலும் பல்லாண்டுகள் காத்திருக்கிறது. அது கிறிஸ்தவர்களுக்கும் பொருந்தும். நம் மரண அறிவித்தல்களில் "இறைவனடி சேர்ந்தார்" என்று எளிதாக எழுதிவிடுகிறோம். ஞானஸ்நானச் சான்றிதழ் இருக்கிறதென்று எவருடைய மீட்பையும் முடிந்த காரியமாக எண்ணுவது கத்தோலிக்கப் போதனை அன்று. எல்லா மனிதரும் மீட்கப்பட விரும்பும் கடவுளின் கையில் (1 தீமோத்தேயு 2:4) உங்கள் தந்தையாரை ஒப்படைத்து நம்பிக்கையோடு இருக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. நானும் அவ்வாறே நம்புகிறேன்.

இறந்தவர்களுக்காக ஜெபிப்பதில் பயனில்லை என்பது சீர்திருத்தச் சபைகள் பலவற்றின் நிலைப்பாடு. ஊழியர் அதை நேர்மையாக நம்பலாம். ஆனால் அதைக் கிறிஸ்தவம் முழுவதன் போதனையாக அவர் சொல்லக் கூடாது. 387இல் ஒஸ்தியாவில் மரணப்படுக்கையில் இருந்த புனித மோனிக்கா, உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், ஆண்டவரின் பீடத்தில் என்னை நினையுங்கள் என்றே தம் மகன் அகுஸ்தீனிடம் கேட்டார். இறந்தோர் பரலோகம் சேருமுன் தூய்மை பெறும் நிலையான உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றி எழுந்த கண்டனத்துக்கும் காரணம் இருந்தது: பாவத்துக்குரிய தண்டனைக் குறைப்பை விலை பேசி விற்றதைக் கண்டே 1517இல் லூத்தர் எழுந்தார். இறந்தோருக்கான மன்றாட்டை உறுதிசெய்த திரெந்து சங்கமே, 1563இல், அதை இழிவான ஆதாயத்துக்குரியதாக்கும் எதையும் தடைசெய்ய ஆயர்களைப் பணித்தது. ஆகவே எத்தனை பூசைக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்க்காதீர்கள்.

திவசத்துக்குப் போய் இருங்கள். கிரியைகளைச் செய்யப்போவது உங்கள் சகோதரர்கள். தந்தையை நினைக்கும் நாளில் மகள் அவர்களோடு இருப்பது விசுவாசத்தை மறுதலிப்பதாகாது. படையலில் பங்கெடுப்பது பற்றி மனதில் உறுத்தல் இருந்தால் உங்கள் பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அதற்கு முன்பாகவே, ஊழியர் சொன்னது திருச்சபையின் போதனை அல்ல என்று உங்கள் பிள்ளைகளை இருத்தி வைத்து நீங்களே சொல்லுங்கள். தாத்தாவைப் பற்றி அவர்கள் கேட்ட கடைசிச் சொல் அதுவாக இருக்க விடாதீர்கள். பிறகு பங்கு அலுவலகத்துக்குப் போய், அவருடைய பெயரிலேயே ஒரு திருப்பலி கேளுங்கள், இறந்தோர் அனைவரின் நினைவு நாளான நவம்பர் 2க்கான பட்டியலிலும் அந்தப் பெயரை எழுதிக் கொடுங்கள். சைவப் பெயராக இருக்கிறதே என்று அங்கே யாராவது தயங்கினால், உயிரோடிருப்போர், இறந்தோர் எவருக்காகவும் குரு திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம் என்கிற திருச்சபைச் சட்டத்தின் 901ஆம் பிரிவை எடுத்துக் காட்டுங்கள்.