மஹிந்திரா தாருக்குப் பின்பக்க இரும்பு பம்பர்: கேள்வி பதில்

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மலைப்பாதை வண்டிகளுக்கு இரும்பு வேலை செய்துவருகிறேன். பின்பக்க பம்பர், அதன் பிடிப்பு, சேற்றில் சிக்கிய வண்டியை இழுத்தல் ஆகியவை பற்றிக் கேளுங்கள். இசை, விளக்கு, சீட் கவர் பற்றிய கேள்விகளை அவற்றை அறிந்தவர்களிடம் கேட்பதே நல்லது.

கேள்வி: தார் வண்டிக்கு 3, 4, 5 மி.மீ. என மூன்று தடிமனில் பம்பர் காட்டுகிறார்கள். எதை எடுக்கலாம்? (கோயம்புத்தூர்)

தடிமனைக் கேட்பதற்கு முன், அந்த பம்பர் சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) எத்தனை போல்ட்டால், எந்த முகத்தில் பிடிக்கப்படுகிறது என்று கேளுங்கள். கடைக்காரர் பதில் சொல்லத் தயங்கினால் அங்கிருந்து வந்துவிடலாம்.

எடைக் கணக்கை முதலில் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் 3 மி.மீ. இரும்புத் தகடு ஏறக்குறைய 23.5 கிலோ இருக்கும். அதுவே 5 மி.மீ. என்றால் 39 கிலோவைத் தாண்டும். மடிப்பு, பக்கவாட்டு, உள்விலா எல்லாம் சேர்ந்தால் ஒரு பம்பருக்கு ஒரு சதுர மீட்டருக்கு மேலேயே தகடு போகும். இந்த எடை முழுவதும் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. மூன்று கதவுத் தாரின் வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத் தூரம், 2,450 மி.மீ. அச்சிலிருந்து 80 செ.மீ. பின்னால் 50 கிலோவைக் கூடுதலாகத் தொங்கவிட்டால், பின் அச்சில் ஏறுவது 50 கிலோ அன்று, 66 கிலோ. முன் அச்சு 16 கிலோ இலேசாகிவிடும். ஏற்றத்தில் ஸ்டியரிங் பிடிமானம் குறைகிறது, இரவில் முகப்பு விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கிறது, பின் ஸ்பிரிங் உட்கார்ந்துவிடுகிறது என்று பம்பர் போட்ட சில நாட்களிலேயே பலர் வந்து நிற்பதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே சரியாக மடித்த 3 மி.மீ. தகடும், சேசிஸைத் தொடும் இடத்தில் மட்டும் 6 முதல் 8 மி.மீ. தகடும் போதும். தகட்டுக்கு விறைப்பைத் தருவது மடிப்பு. மடிப்பே இல்லாத 5 மி.மீ. பலகையை விட, நாலு மடிப்பு விழுந்த 3 மி.மீ. தகடு நன்றாக நிற்கும்.

பிடிப்பைச் சோதிக்க ஒரு டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்துவிடுங்கள். சேசிஸின் இரண்டு கால்களிலும் (நீளவாட்டு உத்திரங்களிலும்) தனித்தனியாக, ஒவ்வொன்றிலும் குறைந்தது நாலு எம்12 (12 மி.மீ. விட்டமுள்ள) போல்ட்டுகள் இருக்க வேண்டும். போல்ட் தலையில் அதன் வலிமைத் தரம் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்கும். ஒன்றும் பொறிக்காத போல்ட்டைக் கழற்றி எறியச் சொல்லுங்கள். எல்லா போல்ட்டுகளும் சேசிஸின் கடைசி முகத்திலேயே இருந்தால், பின்னோக்கி இழுக்கும்போது முழு விசையும் போல்ட்டைப் பிடுங்குவதாகவே அமையும். பக்கச் சுவரிலும் சில போல்ட்டுகள் இறங்கியிருப்பதே முறை. சேசிஸ் உள்ளே வெற்றுக்குழாய் என்பதால், போல்ட்டைச் சுற்றி உள்ளே ஒரு குழாய்த் துண்டு கொடுக்காமல் இறுக்கினால் சுவர் நசுங்கும். நசுங்கிய சுவரில் போல்ட் ஒருபோதும் இறுக்கமாக நிற்காது.

கேள்வி: போல்ட்டுக்குப் பதிலாக நேரடியாகச் சேசிஸில் வெல்டிங் வைத்துவிடலாமா? பட்டறையில் அதுதான் உறுதி என்கிறார்கள். (சேலம்)

வேண்டாம். வெல்டிங் சூடு பட்ட இடத்தை ஒட்டிய உலோகம் தன் குணத்தை இழக்கிறது, உள்பக்கப் பூச்சு எரிந்துபோகிறது, துரு அங்கேயிருந்துதான் தொடங்குகிறது. பின்னொரு நாள் பம்பரைக் கழற்ற வேண்டுமென்றால் சேசிஸை அறுக்க வேண்டிவரும்.

கேள்வி: இந்த பம்பர் போடுவது சட்டப்படி சரியா? (மதுரை)

எல்லோரும் வாங்கிய பிறகு கேட்கும் கேள்வியை நீங்கள் வாங்குமுன் கேட்டிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கிராஷ் கார்டு, புல் பார் ஆகிய இரும்புத் தடுப்புகளின் மீது நடவடிக்கை எடுக்குமாறு 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. 2019-இல் திருத்தப்பட்ட சட்டத்தின் 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க இடம் தருகிறது. கடையில் கிடைக்கிறது என்பதனால் ஒரு பொருள் சாலையில் அனுமதிக்கப்பட்டதாகிவிடாது.

அன்றாடம் சாலையில் ஓட்டும் வண்டிக்கு நான் சொல்லும் வழி இதுதான்: கம்பெனி பம்பர் அப்படியே இருக்கட்டும். உற்பத்தியாளரே துணைக்கருவியாக விற்பது ஏதேனும் இருந்தால் அதை டீலரிடமே பில்லோடு பொருத்துங்கள். அதற்கு மேல் ஏதேனும் வேண்டுமென்றால் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேட்டுக்கொண்டு, காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்துவிட்டுச் செய்யுங்கள். சொல்லாமல் செய்த மாற்றம் விபத்துக்குப் பிறகு காப்பீட்டுத் தொகை கேட்கும் நேரத்தில் பெரிய தொல்லையாக நிற்கும்.

கேள்வி: எந்தக் கம்பெனி நல்லது, என்ன விலை ஆகும்? (திருப்பூர்)

கம்பெனிப் பெயர் சொல்வதில்லை. முதல் பதிலில் உள்ளவற்றை நேரில் பார்த்துச் சரிபாருங்கள்.

கேள்வி: பம்பரில் ட்ரெய்லர் மாட்டும் உருண்டை இருக்கிறது. சிக்கிய வண்டியை அதில் கயிறு மாட்டி இழுக்கலாமா? (பொள்ளாச்சி)

கூடாது. எந்தச் சூழ்நிலையிலும் கூடாது. ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்ல வாய்ப்பு என்றால் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

அந்த உருண்டை, ட்ரெய்லரைச் சீராக இழுத்துச் செல்வதற்கென்று செய்யப்பட்டது. திடீரென விழும் வெட்டு இழுப்புக்கென்று செய்யப்பட்டதன்று. 1,800 கிலோ வண்டி மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் போய்க் கயிற்றை வெடுக்கென்று இழுப்பதாக வைத்துக்கொள்வோம். சாதாரண லாரிக் கயிறு 30 செ.மீ. மட்டும் நீண்டு வண்டியை நிறுத்தினால், சராசரி விசை மட்டுமே இரண்டேகால் டன்னுக்கு மேல் போகும், உச்ச விசை ஏறத்தாழ அதன் இரு மடங்கு. அதே வேகத்தில், 9 மீட்டர் நீளமுள்ள கைனெடிக் கயிறு முப்பது சதவீதம் நீண்டு கொடுத்தால், உச்ச விசை அரை டன் அளவிலேயே அடங்கும். முதல் வகை இழுப்பில் உருண்டையின் கழுத்து முறிந்தால், அது நீண்ட கயிற்றின் விசையோடு குண்டு போலப் பறந்து ஓட்டுநரின் கண்ணாடிக்குள் போகும். ஆஸ்திரேலியாவில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன.

கையேட்டில் குறிக்கப்பட்ட இழுவைக் கொக்கியை, அல்லது சேசிஸோடு நேரடியாகப் பிடிக்கப்பட்டு, தாங்குதிறன் பொறிக்கப்பட்ட காதை (கயிறு மாட்டும் துளையுள்ள தடித்த தகட்டை) மட்டும் பயன்படுத்துங்கள். பம்பர் தகட்டில் ஓட்டை போட்டு அதன்மேல் ஒட்டிவைத்த காது வெறும் அலங்காரம். நல்ல காது, தகட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்ச் சேசிஸ் பிடிப்புத் தகட்டோடு ஒரே துண்டாகவோ இருபுற வெல்டிங்கோடோ இருக்கும். கயிற்றைக் காதோடு இணைக்கும் லாட வடிவ வளையமான ஷேக்கிளில், 4.75 டன் என்று பொறித்த 19 மி.மீ. அளவு இந்த வண்டிகளுக்குப் பொருந்தும். அதன் திருகாணியை முழுக்க இறுக்கி, பிறகு கால் சுற்று தளர்த்தி விடுங்கள். கயிற்றின் நடுவில் ஒரு கனமான போர்வையைப் போட்டுவிட்டு, வேடிக்கை பார்ப்பவர்களைக் கயிற்றின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு தூரம் தள்ளி நிறுத்துங்கள்.

கேள்வி: ஐயா, தடிமன் வேண்டாம் என்கிறீர்கள். சென்னையில் தினமும் பின்னாலிருந்து யாராவது இடிக்கிறார்கள். போன மாதம் ஒரு வேன் இடித்தது, என் 5 மி.மீ. பம்பரில் கீறல் மட்டும்தான். இது பாதுகாப்பு இல்லையா?

பம்பரில் கீறல்தான் என்பதை நம்புகிறேன். சேசிஸை அளந்து பார்த்தீர்களா?

என் பட்டறைக்கு இதே போன்ற வண்டி ஒன்று வந்தது. பம்பரில் விரல் நீளத்துக்கு வண்ணம் போயிருந்தது, அவ்வளவுதான். ஆனால் பின்கதவை மூடினால் தாழ் விழவில்லை. கதவின் ஒரு பக்க இடைவெளியில் என் சுண்டுவிரல் நுழைந்தது, மறு பக்கத்தில் ஒரு காகிதம்கூட நுழையவில்லை. அடியில் படுத்துப் பார்த்தபோது இடது சேசிஸ் காலின் முனை உள்வாங்கி, பக்கச் சுவரில் பூச்சு செதில் செதிலாக உதிர்ந்திருந்தது. பிளாஸ்டிக் பம்பர் உடைந்து, உள்ளிருக்கும் தடுப்பு நசுங்கி வாங்கிக்கொள்ள வேண்டிய அடியை வளையாத இரும்பு அப்படியே சேசிஸுக்குக் கடத்திவிட்டது. மிச்சமுள்ள அடி, உள்ளே அமர்ந்திருப்பவர்களின் கழுத்துக்குப் போயிருக்கும்.

அதே சென்னை அன்பர்: அப்படியானால் லாரிக்குப் பின்னால் இரும்புத் தடுப்பு வைக்கச் சட்டமே சொல்கிறதே?

நாமக்கல்லிலிருந்து ஒரு லாரி உரிமையாளர்: நானும் அதையே கேட்க வந்தேன். எங்கள் ஊரில் பாடி கட்டும்போதே அதை வைத்துவிடுகிறோம்.

இருவரும் நல்ல இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். லாரிக்குப் பின்னால் வைக்கும் தடுப்பு லாரியைக் காப்பதற்கு இல்லை. பின்னால் வரும் கார், லாரியின் உயரமான தளத்துக்கு அடியில் புகுந்து, காரில் இருப்பவர்களின் தலை மட்டத்தில் மோதுவதைத் தடுப்பதற்கு. அது பின்னால் வருபவரைக் காக்க வைக்கப்பட்டது. நாம் பேசும் தடித்த பம்பரோ, கூர்மையான மூலைகளோடு, ஸ்கூட்டரில் வருபவரின் முழங்கால் மட்டத்தில் நிற்கிறது. இரண்டும் இரும்பு என்பதைத் தவிர வேறு ஒற்றுமை கிடையாது.

சென்னை அன்பர்: பின்னால் வந்து இடிப்பவர் தவறு செய்கிறார். அவருக்காக நான் ஏன் யோசிக்க வேண்டும்?

சற்று இடைவெளி குறைந்தது என்பதற்காக ஒருவர் தம் காலை இழக்க வேண்டியதில்லை என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். என் பட்டறையில் பம்பர் மூலைகளை 45 பாகையில் வெட்டி, விளிம்பை உள்பக்கம் மடித்து, கையால் தடவிப் பார்த்த பிறகே பூச்சுக்கு அனுப்புகிறேன். கூர்மையாக வேண்டும் என்று கேட்பவர்களுக்குச் செய்து தருவதில்லை. நகரத்தில் மட்டும் ஓட்டும் உங்களுக்கு அந்த பம்பரைக் கழற்றிவிட்டுக் கம்பெனி பம்பரை மீண்டும் மாட்டுவதே நல்லது.

நாமக்கல் லாரி உரிமையாளர்: இது எனக்குத் தெரியாமல் போயிற்று. நன்றி.

கேள்வி: மாருதி ஜிம்னிக்கு எது பொருந்தும்? (ஏற்காடு)

பின்பக்கம் 47 பாகை வெளியேறு கோணம் கொண்ட வண்டி அது, தாருக்கு 36.8 பாகைதான். பள்ளத்திலிருந்து ஏறும்போது வால் தட்டாமல் காப்பது இந்தக் கோணமே. கனமான, கீழே இறங்கிய பம்பரைப் போட்டால், எதற்காக அந்த வண்டியை வாங்கினீர்களோ அதையே இழப்பீர்கள். இழுவைக் காது மட்டும் சேசிஸில் பொருத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: 4 மி.மீ. எடுக்கலாமா? (ஈரோடு)

முதல் பதிலை வாசியுங்கள்.

கேள்வி: ஸ்டெப்னியைக் கதவிலிருந்து எடுத்து பம்பரில் தனிக் கையில் மாட்டும் அமைப்பு தேவையா? (தேனி)

கம்பெனி அளவு டயராக இருந்தால் தேவையில்லை. 33 அங்குல மண் டயர் மாட்டியவர்களுக்கே அது பொருந்தும், ஏனென்றால் இரும்பு ரிம்மோடு அது 40 கிலோவுக்கு மேல் போய்க் கதவுக் கீலை நாளடைவில் விரிசல் விடச் செய்யும். வாங்கும்போது கையைப் பாதி திறந்து, நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். பியரிங்கில் நூலளவு ஆட்டம் தெரிந்தாலும், ஆறு மாதத்தில் ஒவ்வொரு பள்ளத்திலும் மணியடிக்கும். டயரின் எடையும் அச்சுக்கு இன்னும் பின்னால் தள்ளிப் போகிறது என்பதை எடைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரிவர்ஸ் சென்சார் இரும்பில் வேலை செய்யுமா? (திருச்சி)

செய்யும். ஆனால் இரும்பைச் சென்சார் நேரடியாகத் தொடாமல், சுற்றிலும் ரப்பர் வளையம் இருக்க வேண்டும். பழைய பம்பரில் இருந்த உயரமும் சாய்வும் மாறக்கூடாது. தரையை நோக்கிச் சாய்ந்தால் ஓயாமல் கத்தும்.

கேள்வி: நான் தூத்துக்குடி. கடல் காற்றில் எந்தப் பூச்சு நிற்கும்?

பவுடர் கோட்டிங் மட்டும் போதாது. ஒரு கல் பட்டுச் சிறு செதில் பெயர்ந்தால், உப்புநீர் பூச்சுக்கு அடியில் ஊர்ந்துபோய் வெளியே தெரியாமலே இரும்பைத் தின்னும். மணல் வீசித் துருவகற்றி, துத்தநாகச் சத்து மிகுந்த பிரைமர் அடித்து, அதன் மேல் பவுடர் கோட்டிங் என்ற வரிசையில் செய்யச் சொல்லுங்கள். அடிப்பகுதியில் நீர் வடியும் ஓட்டைகள் கட்டாயம் வேண்டும். தேரி மணலில் ஓட்டிவிட்டு வந்தால், பம்பரின் உட்புறத்தைக் கழுவி மணலை வெளியேற்றுங்கள். ஈர மணல் தேங்கிய இடமே முதலில் ஓட்டையாகும். அலுமினியம் இலேசானது, ஆனால் இரும்புப் பிடிப்போடு அது தொடும் இடத்தில் உப்புக்காற்று பட்டால் அலுமினியம் அரிக்கும். இடையே ரப்பர் அல்லது நைலான் தகடு கொடுக்க வேண்டும்.

கேள்வி: போலீஸ் பிடிப்பார்களா? (விழுப்புரம்)

மதுரை அன்பருக்குச் சொன்னதே உங்களுக்கும். நம்பர் பிளேட்டும் அதன் விளக்கும் சிவப்புப் பிரதிபலிப்பானும் மறையும் பம்பரை எவர் விற்றாலும் வாங்காதீர்கள்.

கேள்வி: அவசரத்துக்கு ஒரே ஒரு முறை உருண்டையில் கயிறு மாட்டினால்? (கரூர்)

ஒரு முறைகூட வேண்டாம். முறிவதற்கும் அந்த ஒரு முறை போதும்.

கேள்வி: எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குள் மட்டும் ஓடும் பழைய ஜீப் இருக்கிறது. நீங்கள் சொன்ன முறையில் பம்பர் பொருத்திவிட்டேன். இனிப் பராமரிப்பாக என்ன செய்ய வேண்டும்? (கோத்தகிரி, தோட்ட உரிமையாளர்)

நன்றாகச் செய்திருக்கிறீர்கள், அம்மா. முதல் 500 கி.மீ. ஓடியதும் எல்லா போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனரால்) மறுபடி இறுக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் புதுப் பூச்சு அமுங்கி இறுக்கம் சற்றுக் குறைந்திருக்கும். இறுக்கிய பிறகு ஒவ்வொரு நட்டின் மீதும் தொடங்கி போல்ட் முனை, தகடு வரை தொடரும்படி ஒரு வெள்ளைக் கோடு வரைந்துவிடுங்கள். பிறகு ஒவ்வொரு மழைக்குப் பின்னும் ஓட்டுநர் குனிந்து பார்த்தால் போதும். கோடு ஓரிடத்தில் முறிந்து தெரிந்தால் அந்த நட்டு நகர்ந்திருக்கிறது. அன்றைக்கு இலை மூட்டை ஏற்றுவதற்கு முன் அதை இறுக்கிவிடச் சொல்லுங்கள்.