டொக்டரிட்டக் கேளுங்கோ: தலைக்குள்ள செல் பீஸும் வலிப்பும்

கேள்வி: எங்கட மனிசன்ர தலையில 2009ல பட்ட செல் பீஸ் (எறிகணைத் துண்டு) இன்னும் கிடக்கு. இவ்வளவு காலமும் ஒண்டுமில்ல, போன மாசம் வயலுக்க வலிப்பு வந்து விழுந்திட்டார், சனம் ஓடி வந்து கையில சாவியக் குடுத்துது. இப்ப ஸ்கேன் எடுக்கச் சொல்லுகினம், பயமாக் கிடக்கு.
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: தங்கச்சி, வெளிக்காயம் ஆறினாலும் மூளையில தழும்பு நிக்கும், அதில இருந்து பல வருசம் கழிச்சும் வலிப்பு வரலாம், செய்வினை எண்டு ஆரும் சொன்னா நம்பாதேங்கோ. சீடி ஸ்கேனுக்குப் பயமில்ல. எம்ஆர்ஐ எண்டா பெரிய காந்தம், உள்ளுக்க இரும்பு கிடந்தா அசையலாம், சூடாகலாம், அதால எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல்ல செல் பீஸ் இருக்கெண்டு சொல்லுங்கோ, கிளினிக் கொப்பியின்ர முதல் பக்கத்தில பெரிசா எழுதி வையுங்கோ.

வலிப்பு வந்தா சாவி, இரும்பு ஒண்டும் வேண்டாம், வாய்க்குள்ள கரண்டியும் வைக்காதேங்கோ, பல்லுத்தான் உடையும். ஒருக்களிச்சுப் படுக்க வையுங்கோ, நேரத்தப் பாருங்கோ, 5 நிமிசத்துக்கு மேல போனா உடன 1990க்கு அடியுங்கோ, அம்புலன்ஸ் காசில்லாம வரும். வலிப்புக்குத் தாற குளிசைய சுகம் எண்டு நினைச்சு சடாரெண்டு நிப்பாட்டக்கூடாது, கனபேர் அப்பிடி நிப்பாட்டிப்போட்டுத்தான் திரும்ப விழுகினம். கிணத்தடியில தனியக் குளிக்க, மோட்டச்சைக்கிள் ஓட இப்போதைக்கு விடாதேங்கோ.

கேள்வி: அம்மாக்கு வாய் கோணினா எண்ணெய் பூசலாமோ?
– வாசகர், மாங்குளம்

பதில்: வேண்டாம் தம்பி. பக்கவாதமா இருந்தா மூளையில அடைச்ச ரத்தக் கட்டியக் கரைக்கிற ஊசிக்கு, வருத்தம் தொடங்கினதில இருந்து நாலரை மணித்தியாலம்தான் இருக்கு, அதுக்குள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ.