பாமசி யன்னலுக்கு உள்ளே மூன்று நாள்

கேள்வி: உயிரியல் பிரிவில் உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறேன். ஊர் களுவாஞ்சிக்குடி. கிளினிக்கல் பாமசிஸ்ட் ஆக வேண்டும் என்று ஆசை. படிக்கப் போகுமுன் அப்படி ஒருவரோடு சில நாள் கூடவே நின்று வேலையைப் பார்க்கலாமா? யாரிடம் கேட்பது, போய் எதைப் பார்ப்பது? "குளிசை எண்ணிக் கொடுக்கிறதில பார்க்க என்ன இருக்கு" என்கிறார் அம்மா.

பதில்: தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் "கிளினிக்கல் பாமசிஸ்ட்டைப் பார்க்க வேண்டும்" என்று எழுதிக் கேட்டால், அப்படி ஒருவர் இங்கே இல்லை என்ற பதில் வரக்கூடும். வைத்தியர்களோடு வாட்டைச் சுற்றி வந்து, கட்டிலருகே நின்று மருந்தின் அளவைப் பேசித் திருத்தும் மருந்தாளரை வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். நம் நாட்டு அரச வைத்தியசாலைகளில் அது இன்னும் அபூர்வம். பெரும்பாலான மருந்தாளர்கள் யன்னலுக்குப் பின்னால் அல்லது களஞ்சியத்தில்தான் நிற்கிறார்கள். ஆகவே "மருந்தாளரின் வேலையைப் பார்வையிட அனுமதி" என்று கேளுங்கள். கிளினிக்கல் மூளை யன்னலுக்குப் பின்னாலும் வேலை செய்யும்.

கடிதத்தை மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை என்றால் பணிப்பாளருக்கும், உங்கள் ஊர் ஆதார வைத்தியசாலை என்றால் வைத்திய அத்தியட்சகருக்கும் எழுதுங்கள். அதிபரின் கடிதம் ஒன்றை இணையுங்கள். கொடுக்குமுன் தலைமை மருந்தாளரை நேரில் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், ஏனென்றால் உங்களைப் பக்கத்தில் வைத்திருக்கப் போவது அவர்தான். மாமாவுக்குத் தெரிந்தவர் மூலம் பின்கதவால் நுழைய வேண்டாம். நாளைக்கு ஏதாவது பிசகினால் மாட்டிக்கொள்வது அந்தத் தெரிந்தவர். மூன்று நாள் போதும். அதில் ஒரு நாளையாவது தனியார் பாமசிக்கு ஒதுக்குங்கள், அந்த உலகமே வேறு.

அம்மா சொல்வதில் பாதி உண்மை, அதை மறைக்க மாட்டேன். கிளினிக் நாளில் வரிசை வெளி வாசல் வரை நிற்கும். எண்ணுவது, பையில் போடுவது, எழுதுவது, கூப்பிடுவது, இப்படியே மதியமாகிவிடும். கால் வீங்கும். அந்த வேகத்தைப் பார்த்து நீங்கள் சலித்துப்போகவும் கூடும். நீங்கள் பார்க்க வேண்டியது, அந்த வேகத்துக்கு நடுவில் மருந்தாளரின் கை திடீரென்று நிற்கிற இடத்தை. வைத்தியர் எழுதிய ஒரு மருந்துத் துண்டை எடுத்துப் படித்துவிட்டு, எண்ணாமல் இன்னொரு தரம் படிப்பார். ஏன் நின்றார்? அந்த 'ஏன்'தான் நீங்கள் நான்கு வருடம் படிக்கப்போகும் பாடம்.

மூட்டுவாதத்துக்கு எழுதும் மெத்தோட்ரெக்சேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது வாரத்துக்கு ஒரு தரம் போடும் குளிசை. மற்றக் குளிசைகளைப் போல ஒவ்வொரு நாளும் போட்டால் என்பு மச்சை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகும். துண்டில் தவறுதலாகத் 'தினமும்' என்று விழுந்திருந்தால் கை அங்கே நிற்கும். சரியாக எழுதியிருந்தாலும் நல்ல மருந்தாளர் விடமாட்டார்: "ஆச்சி, எந்தக் கிழமையில போடுறீங்க?" ஆச்சி "வெள்ளி" என்றால் பையில் வெள்ளி என்று எழுதுவார். "ஒவ்வொரு நாளும் ராவைக்கு" என்றால் வரிசை காத்திருக்கத்தான் வேண்டும்.

என் கையையும் ஒருவர் நிறுத்தியிருக்கிறார். வேலைக்கு வந்த புதிதில் துண்டில் கார்பிமசோல் இருக்க, நான் எடுத்தது கார்பமசபீன். முன்னது தைரொயிட்டுக்கு, பின்னது வலிப்புக்கு. பக்கத்தில் நின்ற மூத்தவர் ஒன்றும் பேசாமல் போத்தலைத் திருப்பி லேபலைக் காட்டினார். இன்றைக்கும் அந்த இரண்டு போத்தலையும் ஒரே தட்டில் அடுத்தடுத்து வைக்க விடமாட்டேன்.

இன்னொரு இடம் கிளினிக் கொப்பியின் பின்பக்கங்கள். சீனி வருத்தக்காரருக்கு மெட்போர்மின் எழுதியிருக்கும், சிறுநீரக அறிக்கை இரண்டு பக்கம் தள்ளி ஒட்டியிருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவர் மருந்தாளர். சிறுநீரக வடிகட்டல் அளவு (அறிக்கையில் eGFR) 45க்குக் கீழே என்றால் குளிசையின் அளவைக் குறைப்பது பற்றி யோசிக்க வேண்டும், 30க்குக் கீழே என்றால் நிறுத்த வேண்டும். ஆனால் அவர் தானாக நிறுத்த மாட்டார், வைத்தியருக்குத் தொலைபேசி எடுப்பார். அந்தப் பேச்சைக் கவனமாகக் கேளுங்கள். குற்றம் பிடிக்கிற தொனி இல்லாமல், "டொக்டர், இந்த அறிக்கை இப்படி இருக்கு, என்ன செய்வம்?" என்று கேட்பதும் ஒரு கலை.

நோன்பு காலத்தில் காத்தான்குடி, ஏறாவூர், கல்முனைப் பக்கம் நிற்கக் கிடைத்தால் விடாதீர்கள். "உம்மா, நோன்பு பிடிக்கிறீங்களா?" என்ற ஒரு கேள்வியில் மூன்று வேளைக் குளிசை விடியுமுன் சாப்பிடும் சஹருக்கும் நோன்பு திறக்கும் இப்தாருக்கும் எப்படி இடம் மாறுகிறது என்று பார்ப்பீர்கள். சீனி வருத்தத்துக்குக் கிளிக்லசைட் குளிசை, இன்சுலின் போடுகிறவர்களுக்குச் சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கிவிடும் ஆபத்து உண்டு. அதனால் நோன்பு தொடங்குமுன்பே வைத்தியரிடம் திருப்பி அனுப்புவார்கள். இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் போடுகிறவரிடம் கீரையைப் பற்றிக் கேட்பதும் அப்படித்தான். முருங்கையிலையை நிறுத்தச் சொல்வதில்லை. ஒரு வாரம் நிறைய, ஒரு வாரம் இல்லை என்றில்லாமல் ஒரே அளவில் சாப்பிடச் சொல்வார்கள்.

நடந்துகொள்வது பற்றியும் சொல்லிவிடுகிறேன். மருந்தைத் தொட வேண்டாம், நோயாளி உங்களிடமே கேட்டாலும் பதில் சொல்ல வேண்டாம், போன் பையிலேயே இருக்கட்டும். எண்ணிக்கொண்டிருப்பவரிடம் கேள்வி கேட்காதீர்கள், எண்ணிக்கை தப்பும். குறித்து வைத்து வரிசை குறைந்ததும் கேளுங்கள். குறிப்பில் பெயர் வேண்டாம். நம்முடைய ஊரில் வரிசையில் நிற்கிற நாலு பேரில் ஒருவர் சொந்தமாக இருப்பார். தெரிந்த முகம் வந்தால் நீங்களாகவே உள்ளே போய்விடுங்கள். பெரியம்மாவுக்கு என்ன குளிசை என்று வீட்டில் கேட்டாலும் தெரியாது என்றே சொல்லுங்கள்.

படிப்பு என்று பார்த்தால் யாழ்ப்பாணம், பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, றுகுணு பல்கலைக்கழகங்களில் மருந்தாளர் பட்டப்படிப்பு இருக்கிறது. இசட் புள்ளி எட்டாவிட்டால் சுகாதார அமைச்சு விளம்பரம் செய்யும் மருந்தாளர் பயிற்சியையும் கவனித்து வாருங்கள். எந்த வழியால் வந்தாலும் இலங்கை மருத்துவச் சபையில் பதிந்த பிறகுதான் மருந்தாளராக வேலை செய்யலாம்.

கடிதத்துக்குப் பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம் மகள். அம்மம்மாவிடம் கேட்டு அவருடைய குளிசைப் பையையும் கிளினிக் கொப்பியையும் மேசையில் பரப்புங்கள், அம்மாவையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு. எந்தக் குளிசை எதற்கு, எது மிஞ்சியிருக்கிறது, ஏன் மிஞ்சியது? எதையும் மாற்றவோ எறியவோ வேண்டாம். விளங்காததை எழுதி வையுங்கள். அம்மம்மா சம்மதித்தால், முதல் நாள் மருந்தாளரிடம் நீங்கள் கேட்கும் முதல் கேள்வி அதுவாக இருக்கட்டும்.