பையில் எது, வீட்டில் எது? காட்டுப் பயணக் கேள்வி–பதில்

கே: மூன்று நாள் பயணத்துக்கு 80 லிட்டர் பை வாங்கலாமா? பின்னாளில் நீண்ட பயணத்துக்கும் உதவுமே?

ப: வேண்டாம். 80 லிட்டர் பை கையில் இருந்தால் 80 லிட்டரையும் நிரப்பாமல் மனசு ஆறாது. மூன்று நாளுக்கு 45 முதல் 55 லிட்டர் தாராளம். லிட்டரைவிட முதுகு நீளத்தைப் பாருங்கள். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து, இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கு நேரான இடம் வரை அளக்க வேண்டும். நெட்டையான ஆளுக்கும் முதுகு குட்டையாக இருக்கலாம். வெறும் பையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றால் எந்தப் பையும் சுகமாகத்தான் இருக்கும். 8, 10 கிலோ உள்ளே போட்டு அரை மணி நேரம் நடந்த பிறகு முடிவு செய்யுங்கள்.

கே: எத்தனை கிலோ வரை சுமக்கலாம்?

ப: இரவு தங்கும் பயணம் என்றால் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. காலையில் போய் மாலையில் திரும்புவதென்றால் பத்தில் ஒரு பங்கு. 60 கிலோ ஆளுக்கு 12, 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர், சாப்பாடு எல்லாம் இதற்குள் அடக்கம். "பை 10 கிலோதான், தண்ணீர் தனி" என்று எழுதுகிறவர்களுக்கு: 3 லிட்டர் தண்ணீர் என்றால் 3 கிலோ, அதையும் உங்கள் முதுகுதான் சுமக்கிறது. கையில் தூக்கிப் பார்த்து எடை சொல்லாதீர்கள். தராசில் வையுங்கள்.

கே: இடுப்பு வார் போட்டும் பை பின்னால் இழுக்கிறது. தோள் கடுக்கிறது.

ப: இரண்டு தப்பு நடக்கிறது. ஒன்று, கனமான சாமான் முதுகை விட்டுத் தள்ளி இருக்கிறது. ஸ்லீப்பிங் பேக் அடியில். சாப்பாட்டு மூட்டை, அடுப்பு, தண்ணீர் ஆகியவை முதுகை ஒட்டி, தோள்பட்டைக்குச் சற்றுக் கீழே. இலேசான துணி அதற்கு வெளிப்பக்கம். மழைச் சட்டை எல்லாவற்றுக்கும் மேலே. இரண்டு, வாரை இறுக்கும் வரிசை. எல்லா வாரையும் தளர்த்துங்கள். இடுப்பு வார் இடுப்பெலும்பின் மேல் ஏறி உட்கார வேண்டும். தொப்புளைச் சுற்றி அல்ல. முதலில் அதை இறுக்கி, பிறகு தோள் வார், பிறகு தோளுக்கு மேல் சாய்ந்து போகும் சின்ன வார், கடைசியில் நெஞ்சு வார். தோள் வாரை முதலில் இழுத்துவிட்டால் இடுப்பு வார் வெறும் அலங்காரம்.

வெளியில் தொங்கும் டம்ளர், செருப்பு, பாய் எல்லாம் உள்ளே போகட்டும். ஆடுகிற சாமான் அடிக்கு அடி உங்களைத் தள்ளாட வைக்கும். முள்ளில் மாட்டுவதும் அதுதான்.

கே: அடுத்த வாரம் காட்டுக்குப் போகிறேன். லிஸ்ட் அனுப்பவும்.

ப: எந்தக் காடு? எத்தனை நாள்? மழைக்காலமா, பனிக்காலமா? தனியாகவா, கூட்டமாகவா? மருத்துவரிடம் போய் "உடம்பு சரியில்லை, மாத்திரை கொடுங்கள்" என்று மட்டும் சொல்வீர்களா? எங்கே போனாலும் பொருந்துவது, சியாட்டிலின் மவுண்டனியர்ஸ் மலையேற்ற அமைப்பு 1930களில் தொடங்கிவைத்த பத்து. இன்றைய வடிவில்: வழி காட்டும் கருவி, தலைவிளக்கு, வெயில் காப்பு, முதலுதவி, கத்தி, நெருப்பு, ஒதுங்க ஒரு மறைப்பு, கூடுதல் சாப்பாடு, கூடுதல் தண்ணீர், கூடுதல் துணி. "கூடுதல்" என்பதைக் கவனியுங்கள்: திட்டத்துக்கு மேலே, ஓர் இரவு மாட்டிக்கொண்டால் சமாளிக்க. பதினொன்றாவது, பையில் வைக்கக் கூடாதது: எந்த வழி, எப்போது திரும்புவோம், எத்தனை மணிக்கு மேல் தேடச் சொல்ல வேண்டும் என்று எழுதிய தாள். அதை வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள்.

கே: டார்ச், மேப், திசைகாட்டி, விசில் ஆப் எல்லாம் போனிலேயே இருக்கிறது. தனித்தனியாகச் சுமப்பது வீண் எடைதானே?

ப: வருகிற கடிதக் கட்டுகளில் எல்லாம் இந்தக் கேள்வி ஒன்று இருக்கிறது. கேட்கிறவர்தான் மாறுகிறார். சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

டார்ச்: போன் வெளிச்சம் பரவி, பத்து அடியில் மங்கிவிடும். அதைப் பிடிக்க ஒரு கை வேண்டும். இருட்டில், மழையில், ஒற்றைக் கையால் டென்ட் கயிறு கட்டிப் பாருங்கள். 200, 300 லூமென் வெளிச்சம் தரும் தலைவிளக்கு 80, 100 கிராம்தான். பைக்குள் பொத்தான் அழுந்தித் தானே எரிந்து பேட்டரி தீர்ந்துபோவது அடிக்கடி நடக்கும். பூட்டும் வசதி இருந்தால் பூட்டுங்கள், இல்லையென்றால் ஒரு பேட்டரியைத் திருப்பிப் போட்டு வையுங்கள். மாற்றுப் பேட்டரி கட்டாயம். குளிரில் ஆல்கலைன் சோர்ந்துவிடும்; கருவிக்கு ஏற்குமானால் லித்தியம் நல்லது.

மேப்: டவர் இல்லாவிட்டாலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும், உண்மை. ஆனால் மேப் முன்பே இறங்கியிருக்க வேண்டும். வீட்டிலேயே பிளைட் மோடில் போட்டு, போகிற இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெறும் கட்டம் தெரிந்தால் நீங்கள் எதையும் இறக்கவில்லை. காட்டுக்குள் பிளைட் மோடை எடுத்துவிட்டால் போன் டவரைத் தேடித்தேடியே சார்ஜைக் குடித்துவிடும். திரையில் மழைத்துளி பட்டால் விரல் எது, துளி எது என்று அதற்குத் தெரியாது. உறைகுளிரில் 30 சதவீதம் காட்டிக்கொண்டே அணைந்துபோகும். சட்டைக்குள் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள்.

"பவர் பேங்க் இருக்கிறது" என்பீர்கள். 10,000 எம்.ஏ.எச். என்று அட்டையில் போட்டிருப்பது உள்ளிருக்கும் செல்லின் கணக்கு. மின்னழுத்தத்தை மாற்றுவதில் போவது போக, 5,000 எம்.ஏ.எச். போனை ஒன்றரை முறை ஏற்றினால் பெரிது. இரண்டு முறை என்று நம்பிப் போனால் கடைசி நாளில் கை விரிக்கும்.

திசைகாட்டி: போனுக்குள் இருக்கும் காந்த உணரி விலகிக்கொண்டே இருக்கும், எட்டு வடிவில் ஆட்டிச் சரிசெய்ய வேண்டும். காந்த மூடி போட்ட உறை என்றால் கேட்கவே வேண்டாம். அடித்தட்டு உள்ள சாதாரணத் திசைகாட்டி 30, 40 கிராம். பேட்டரி இல்லை, கெட்டுப்போகவும் அதிகம் இல்லை. அதைப் பார்க்கும்போது போன், கத்தி, தலைவிளக்கு எல்லாம் அரை மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

விசில் ஆப்: போன் ஸ்பீக்கரின் சத்தம் பக்கத்துப் புதருக்குக் கேட்கும். உள்ளே உருண்டை இல்லாத பிளாஸ்டிக் விசில், ஈரமானாலும் ஊதும். தொண்டை கட்டினாலும் ஊதலாம். மூன்று முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி மூன்று. பல பைகளில் நெஞ்சு வாரின் கொக்கியே விசில்தான், பாருங்கள். தனி விசில் என்றால் கழுத்தில் தொங்கட்டும். பையின் அடியில் இருக்கும் விசில் விழுந்து கிடக்கிறவனுக்கு உதவாது.

போனை விட்டுவிட்டுப் போகச் சொல்லவில்லை. உங்கள் நிறுவனத்தின் டவர் இல்லாவிட்டாலும், வேறு டவர் எட்டினால் அவசர அழைப்பு பெரும்பாலும் போகும். அதற்காகவாவது அதில் சார்ஜ் மிஞ்சட்டும். ஒரே பொருள் ஐந்து வேலை பார்த்தால், அது ஓடையில் விழும்போது ஐந்தும் சேர்ந்து விழும். தலைவிளக்கு, தாள் மேப், திசைகாட்டி, விசில் என்ற இந்த நாலு சாமானும் சேர்ந்து 200 கிராமைத் தாண்டாது. தராசில் வையுங்கள்.

கே: மழை உறை மாட்டியும் உள்ளே எல்லாம் நனைந்துவிட்டது. உறை மட்டமா?

ப: உறை மேல் குற்றமில்லை. முதுகுப் பக்கம் திறந்துதான் இருக்கிறது; கழுத்து வழியாக இறங்கும் தண்ணீர் அங்கே புகுந்து, உறையின் அடியில் கிண்ணம் மாதிரி தேங்கும். பைக்குள் கனமான பெரிய பிளாஸ்டிக் பை ஒன்றை விரித்து, ஸ்லீப்பிங் பேக்கையும் மாற்றுத் துணியையும் அதில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை முறுக்கி மடித்துக் கட்டுங்கள். நனைந்த டென்ட் அந்தப் பிளாஸ்டிக்குக்கு வெளியே. பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

கே: ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறது. வடிகட்டித்தான் ஆக வேண்டுமா?

ப: ஆம். கிருமி கண்ணுக்குத் தெரியாது. கொதிக்க வைத்தால், தளதளவென்று கொதி வந்த பின் ஒரு நிமிடம். 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். நுண்குழாய் வடிகட்டி பாக்டீரியாவையும் ஜியார்டியா போன்ற குடல் ஒட்டுண்ணிகளையும் பிடிக்கும், வைரஸ் நழுவிவிடும். ஒருமுறை பயன்படுத்திய வடிகட்டி உறைந்துபோனால் உள்ளே இழை வெடித்திருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. பனி இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வையுங்கள். குளோரின் டையாக்சைடு மாத்திரைக்குப் பொதுவாக அரை மணி, கிரிப்டோஸ்போரிடியம் என்ற முரட்டு ஒட்டுண்ணிக்கு நாலு மணி நேரம். மாத்திரை போட்ட சில நிமிடம் கழித்து மூடியைக் கொஞ்சம் தளர்த்தி, பாட்டிலைச் சாய்த்து, மரையிலும் அந்தத் தண்ணீரை ஓட விடுங்கள். வாய் படுகிற இடம் அதுதான். அங்கே ஒட்டியிருப்பது இன்னும் பச்சைத் தண்ணீர்.

அளவு: நடக்கும்போது மணிக்கு அரை லிட்டர், கடும் வெயிலில் ஏறினால் ஒரு லிட்டர் வரை.

கே: பாம்புக்கடிக்கு உறிஞ்சும் பம்பு வைத்த கிட் வாங்கலாமா?

ப: வாங்காதீர்கள். அது விஷத்தை எடுப்பது சொற்பம், சதையையும் கெடுக்கலாம். கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். மோதிரம், வாட்சைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசையாமல் கட்டை வைத்துக் கட்டி, கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, தூக்கிச் செல்லுங்கள். மருந்து ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது.

உண்மையில் பயணத்தைக் கெடுப்பது கால் கொப்புளம். ஜிங்க் ஆக்சைடு டேப் ஒரு சுருள் வையுங்கள். சூடாக உறுத்தும்போதே ஒட்டுங்கள், கொப்புளம் கட்டிய பிறகு அல்ல. உண்ணி பிடுங்கக் கூர்முனை இடுக்கி, ஓ.ஆர்.எஸ். நாலு பாக்கெட், 10 சென்டிமீட்டர் எலாஸ்டிக் பேண்டேஜ் ஒன்று, நீங்கள் தினம் சாப்பிடும் மாத்திரை இரண்டு நாளுக்குக் கூடுதலாக.

கே: ஆறு வருடமாகப் பெட்டியிலேயே இருக்கும் நல்ல ட்ரெக்கிங் ஷூ. புதுசு மாதிரி இருக்கிறது. போடலாமா?

ப: புதுசு மாதிரி இருப்பதுதான் ஆபத்து. பாலியூரித்தேன் நடுப்பகுதி காற்றின் ஈரத்தில் தானாகவே உளுத்துப்போகும்; போடாமல் வைத்தாலும் தப்பாது. பக்கவாட்டில் கட்டை விரலால் அழுத்துங்கள். வெடிப்பு தெரிந்தாலோ பொடி உதிர்ந்தாலோ வீசிவிடுங்கள். உதிராவிட்டாலும் நாலைந்து நாள் சுமையோடு நடந்து பாருங்கள். துணி டேப் இரண்டு மீட்டர் பாட்டிலில் சுற்றி வைத்திருந்தால் பிளந்த அடிப்பாகத்தைக் கட்டி ஊர் சேரலாம்.

கே: ஜீன்ஸ் போதாதா? கெட்டித் துணிதானே?

ப: நனையும் வரை கெட்டி. நனைந்தால் கனக்கும், காயாது, சூட்டை உறிஞ்சும். சாக்ஸும் பருத்தியில் வேண்டாம்.

கே: 0 டிகிரி ஸ்லீப்பிங் பேக் வாங்கினேன். 6 டிகிரியிலேயே நடுங்கினேன்.

ப: அட்டையில் இரண்டு எண் இருந்திருக்கும்: சுகமாகத் தூங்கும் அளவு, தாக்குப்பிடிக்கும் எல்லை. பெரிய எழுத்தில் போடுவது பெரும்பாலும் எல்லையை. சுகம் அதற்கு ஐந்தாறு டிகிரி மேலே. அடியில் என்ன விரித்தீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. உடம்பின் கனத்தில் அடிப்பஞ்சு நசுங்கிவிடும். தரைக்குளிரைத் தடுப்பது பாய்தான். பாயின் ஆர் மதிப்பு (குளிரைத் தடுக்கும் திறனைச் சொல்லும் எண்) சாதாரண இரவுக்கு 2, உறைநிலைக்கு 4, பனித்தரைக்கு 5க்கு மேல்.

கே: கேஸ் டப்பா குலுக்கினால் பாதி இருக்கிறது. ஆனால் அடுப்பு மங்குகிறது.

ப: குளிரில் பியூட்டேன் ஆவியாகாது, உறைநிலையில் ஏறக்குறைய நின்றே விடும். ஐசோபியூட்டேன், புரொப்பேன் கலந்ததை வாங்குங்கள், பற்றவைக்கும் முன் டப்பாவைச் சட்டைக்குள் வையுங்கள். குலுக்கிப் பார்ப்பதை விடுங்கள். 230 கிராம் கேஸ் டப்பா காலியாக சுமார் 150 கிராம். தராசில் வையுங்கள், மிச்சத்தை மார்க்கரால் அதன் மேலேயே எழுதுங்கள்.

கே: டென்ட் வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே சமைக்கலாமா?

ப: கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது.

கே: பூச்சி விரட்டி பட்டு மூக்குக் கண்ணாடி பிசுபிசுத்துவிட்டது.

ப: பல பூச்சி விரட்டிகளில் இருக்கும் டீட் என்ற மருந்து பிளாஸ்டிக்கைக் கரைக்கும். பூசியதும் உள்ளங்கையைத் துடைத்துவிட்டு மற்றதைத் தொடுங்கள், அல்லது 20 சதவீத பிக்காரிடின் விரட்டிக்கு மாறுங்கள். பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து துணிக்கு மட்டும். காய்ந்த பிறகு உடுத்துங்கள்.

கே: கோடரி எடுத்துப்போகலாமா?

ப: எதை வெட்ட?